அது உங்க வீட்டுப் புளியா? வரங்களையும் தாலந்துகளையும் ஊழியத்தில் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

அசனம் (சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடும் விருந்து) நடக்கும் நாளில் எங்கள் ஆலய வளாகத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரே அறை உக்கிராணம். அரிசி, பருப்பு, எண்ணெய் டின், புளி, வற்றல், வாழை இலைக் கட்டு எல்லாம் அங்கேதான். சாவி ஒருவர் கையில் இருக்கும். தவசுப்பிள்ளை, அதாவது சமையல்காரர், ஆள் அனுப்பிக் கேட்கக் கேட்க அளந்து கொடுத்து நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டியது அவர் வேலை. அந்தச் சாவி முதன்முதலாக என்னிடம் வந்தபோது எனக்கு 31 வயது. 800 பேருக்குச் சாப்பாடு. அரிசி 25 கிலோ சிப்பம் நான்கு, மற்றதெல்லாம் அதற்கேற்ற கணக்கில். மூன்றாவது பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் வந்து, ரசத்துக்கு இன்னும் ஒரு கிலோ புளி வேண்டும் என்றான். "கொடுக்கவேண்டியதைக் கொடுத்தாச்சு, கணக்கு அவ்வளவுதான்" என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

கடைசிப் பந்திக்கு ரசம் இல்லை. கடைசிப் பந்தியில் யார் உட்காருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்: காலையிலிருந்து பரிமாறியவர்கள், பாத்திரம் கழுவியவர்கள். சாயங்காலம் அறையைக் கூட்டினால் மூலையில் மூன்று கிலோ புளி கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது. தவசுப்பிள்ளை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி, அது உங்க வீட்டுப் புளியா?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் 1 பேதுரு 4:10 எனக்கு விளங்கியது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனத்தில் வரும் சொல் "நல்ல உக்கிராணக்காரர்". சிறு வயதிலிருந்து மனப்பாடமாகச் சொன்ன வசனம், அந்தச் சொல்லை ஒரு நாளும் கவனித்ததில்லை. அவனவன் பெற்ற வரத்தை உக்கிராணக்காரரைப் போலப் பகிர்ந்துகொடுங்கள் என்கிறார் பேதுரு. அதற்கு முந்தின வசனம் இன்னும் சுவாரஸ்யம். முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரிக்கச் சொல்கிறது. ஆக அவர் பேசிக்கொண்டிருப்பதே விருந்து வீட்டைப் பற்றித்தான். சரக்கு எசமானுடையது, பசி பந்தியில் இருப்பவர்களுடையது, நம் கையில் இருப்பது சாவி மட்டும். கீழே நான் சொல்லப்போகும் படிகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தக் கணக்குதான்.

முதல் படி: பட்டியலை ஒருமுறை வாசியுங்கள், அதிலேயே தங்கிவிடாதீர்கள்

புதிய ஏற்பாட்டில் வரங்களைப் பற்றி முக்கியமாக நான்கு இடங்களில் வருகிறது. ரோமர் 12:6-8-ல் ஏழு வரங்கள். 1 கொரிந்தியர் 12-ல் 8 முதல் 10 வரையுள்ள வசனங்களில் ஒன்பது, அதே அதிகாரத்தின் 28-ம் வசனத்தில் இன்னொரு வரிசை. எபேசியர் 4:11-ல் அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர். 1 பேதுரு 4:11-ல் எல்லாவற்றையும் இரண்டாக மடக்கிவிடுகிறார்: ஒருவன் போதிக்கிறான், ஒருவன் உதவி செய்கிறான்.

ஒரு மணி நேரத்தில் நான்கையும் வாசித்துவிடலாம். வாசித்தால் ஒன்று கண்ணில் படும்: எந்த இரண்டு பட்டியலும் ஒன்றுபோல் இல்லை. எழுதியவர்கள் முழுப் பட்டியல் போட உட்காரவில்லை. எழுதும்போது மனதில் இருந்த சபையில் தேவைப்பட்டதைச் சொல்லிக்கொண்டு போனார்கள். அதனால் "ஒன்பதில் எனக்கு எது?" என்று லாட்டரிச் சீட்டு மாதிரி தேட வேண்டாம். அந்நிய பாஷை, குணமாக்கும் வரம் போன்றவை இன்றும் உண்டா என்பதில் சபைக்குச் சபை கருத்து மாறும். அந்த விவாதத்தை உங்கள் ஐயரோடும் (சபைப் போதகர்) பெரியவர்களோடும் வைத்துக்கொள்ளுங்கள். அது முடிகிற வரைக்கும் பந்தி காத்திருக்காது.

யாத்திராகமம் 31-ஐயும் இதோடு சேர்த்து வாசியுங்கள். கர்த்தர் பெசலெயேல் என்ற ஆளைப் பெயர் சொல்லி அழைத்து, தேவ ஆவியால் நிரப்புகிறார். எதற்காக? பொன், வெள்ளி, வெண்கல வேலைக்கும், கல் பதிக்கவும், மரம் செதுக்கவும். கூடவே அகோலியாப். 35-ம் அதிகாரத்தில் ஆட்டு மயிரைத் திரித்த பெண்களும் வருகிறார்கள். பட்டறை வேலையும் நூல் நூற்பும் ஆவியின் கணக்கில் வரும் என்பதை நம்முடைய பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை.

இதில் ஒரு கேள்வி எப்போதும் வரும். பிறவியிலேயே வந்த திறமையும் ஆவியின் வரமும் ஒன்றா? நம் பேச்சுவழக்கில் முன்னதைத் தாலந்து என்றும் பின்னதை வரம் என்றும் சொல்கிறோம். கோடு போட்டுப் பிரிக்க என்னால் முடியவில்லை. எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளையை (1827–1900) எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி வளர்ந்த புலவர். 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். அந்தத் தமிழைக் கழற்றி வைத்துவிட்டா வந்தார்? அதே கம்பன் நடையைத்தான் கிறிஸ்துவைப் பாடக் கொண்டுவந்தார். அந்தப் புலமை வரமா தாலந்தா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. யாருக்காகப் பாடினார் என்பது தெரியும்.

தாலந்து என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. மத்தேயு 25-ல், எசமான் வேலைக்காரர்களிடம் தாலந்துகளை ஒப்படைத்துவிட்டுப் போகும் கதையில், அது திறமை இல்லை, பணம். ஒரு தாலந்து சுமார் 6000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. வருஷத்துக்கு 300 வேலைநாள் வைத்தால் 20 வருஷக் கூலி. ஒரே ஒரு தாலந்து பெற்று அதைப் புதைத்தவனை நாம் ஏதோ சில்லறை வாங்கியவன்போல நினைத்துப் பரிதாபப்படுகிறோம். அவன் கையில் இருந்தது ஒரு மனுஷன் பாதி வாழ்நாள் உழைத்தால் கிடைக்கிற தொகை. "எனக்கு என்ன பெரிய தாலந்து இருக்கு" என்று சொல்லும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: உங்களைப் பற்றி மற்றவர்களிடம் கேளுங்கள்

நான் நான்கு வருஷம் பாடகர் குழுவில் டெனார் பாடினேன். அது என் வரம் என்று நிச்சயமாக நம்பினேன். பாட எனக்குப் பிடிக்கும், அது போதாதா? யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆலயத்தில் இது ஒரு வியாதி, முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். கடைசியில் ஆல்டோ பாடும் ஒரு அக்கா கிறிஸ்துமஸ் பயிற்சி முடிந்து வெளியே வரும்போது சொன்னார்கள்: "தம்பி, கோவிச்சுக்காத. நீ பாடினா பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் சுருதி போயிருது. ஆனா பாட்டுத் தாளை எல்லாம் நம்பர் போட்டு அடுக்கி வச்சிருக்கியே, அந்த மாதிரி இங்க ஒருத்தரும் செஞ்சதில்ல." இரண்டு நாள் கோபமாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம் உக்கிராணச் சாவி என்னிடம் வந்ததற்கு அந்த அக்காதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது.

பிடித்த வேலையும் கைவந்த வேலையும் சில சமயம் ஒன்றாக இருக்கும், சில சமயம் இருக்காது. வித்தியாசம் வெளியில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். மூன்று பேரிடம் கேளுங்கள். ஒருவர் உங்கள் வீட்டில் இருப்பவர், ஒருவர் சபையில் உங்களோடு வேலை செய்தவர், ஒருவர் சபைக்குச் சம்பந்தமே இல்லாத அலுவலக நண்பரோ பக்கத்து வீட்டுக்காரரோ. "எனக்கு என்ன வரம் இருக்கு?" என்று கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள். வேறு மாதிரிக் கேளுங்கள்: "எந்த வேலைன்னா என்னைக் கூப்பிடலாம்னு உங்களுக்குத் தோணும்?" அப்புறம், மூச்சைப் பிடித்துக்கொண்டு, "எதை நான் விட்டுட்டா நல்லது?"

கூடவே இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டு. ராத்திரி ஜெபத்துக்கு முன் மூன்று விஷயம் எழுதினால் போதும். இன்று யாருக்கு என்ன செய்தேன். செய்து முடித்தபோது எப்படி இருந்தது. அவர்கள் மறுபடி கேட்டு வந்தார்களா. மூன்றாவதுதான் முக்கியம். கேட்டு வருகிற இடத்தில்தான் உங்கள் சரக்கு இருக்கிறது.

இணையத்தில் நூறு கேள்வி போட்டு மதிப்பெண் தரும் வரப் பரிசோதனைகள் கிடைக்கின்றன. செய்து பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அதில் பதில் சொல்வதும் நாம்தான். பாடகர் குழுவில் இருந்த அந்த நான்கு வருஷத்தில் அதை எழுதியிருந்தால் இசையில் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பேன்.

மூன்றாம் படி: அரை மணி முன்னால் போங்கள், கேட்டைப் பூட்டும்வரை நில்லுங்கள்

என்ன இருக்கிறது என்று பார்த்தாயிற்று. எது குறைகிறது என்று பார்க்க வேண்டாமா? ஒரு மாதம், நான்கு ஞாயிறு, ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்னால் போங்கள். முடிந்ததும் டூ வீலரை எடுக்க ஓடாதீர்கள். நின்று பாருங்கள்.

படியேற முடியாமல் யாராவது கைக்காகக் காத்திருப்பார்கள். புதிதாக ஊருக்கு வந்த குடும்பம் ஒன்று கேட்டருகே போனைப் பார்ப்பதுபோல நிற்கும். பின் பெஞ்சில் இருப்பவர்களுக்குப் பிரசங்கம் கேட்காது, ஒலிபெருக்கி தூணைப் பார்த்துத் திரும்பியிருக்கும். பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வராது, எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு பள்ளியில் பதின்மூன்று வயதுப் பையன்கள் கடைசி வரிசையில் செல்போனோடு இருப்பார்கள், அந்த வகுப்புக்கு ஆசிரியர் நிற்கவே மாட்டார். மூன்று வாரமாக வராத ஒரு அம்மாவின் இடம் காலியாக இருக்கும்.

குறைந்தது பத்து எழுதுங்கள். குறை சொல்வதற்காக அல்ல. அதைக் கமிட்டியில் ஏற்கெனவே நிறையப் பேர் செய்கிறார்கள். இந்தப் பட்டியலையும் முன்படியில் எழுதிய நோட்டையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் எங்கே தொடுகிறதோ அங்கேதான் ஆரம்பம். தொடவே இல்லையென்றால், உங்களால் செய்ய முடிகிற எளிய வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலி அடுக்க யாருக்கும் தனி வரம் தேவையில்லை. அப்போஸ்தலர் 6-ல் பந்தி விசாரிக்கத் தேர்ந்தெடுத்த ஏழு பேரில் ஒருவர்தான் ஸ்தேவான். அடுத்த அதிகாரத்தில் அவர் பேசிய பேச்சு அந்தப் புத்தகத்திலேயே நீளமானவற்றில் ஒன்று. பந்தியில் நிற்கும்போது இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

நான்காம் படி: மூன்று மாதம் கேளுங்கள்

ஐயரிடம் போய் "எனக்குப் போதிக்கிற வரம் இருக்கு, பிரசங்க நேரம் தாங்க" என்று நிற்காதீர்கள். "ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று மாசம் பார்த்துக்கட்டுமா? அதுக்கப்புறம் நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள். முதல் வாக்கியம் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும். இரண்டாவது அவருக்கு இருக்கிற ஒரு தலைவலியைக் குறைக்கும்.

மூன்று மாதம் என்று தேதி போடுவதற்குக் காரணம் உண்டு. நம் சபைகளில் ஒரு பொறுப்பில் ஏறினால் இரண்டே வழிகளில்தான் இறங்குகிறோம், சாகும்போது அல்லது சண்டை வந்தபோது. தேதி இருந்தால் மரியாதையாக இறங்கலாம். உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும், வருத்தம் யாருக்கும் இல்லை.

இந்த மூன்று மாதத்தில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். வேலை நடந்ததா? யாருக்காவது பலன் தெரிந்ததா? வீட்டுக்கு வரும்போது களைப்போடு ஒரு நிறைவும் வந்ததா, அல்லது களைப்பு மட்டும்தானா? களைப்பு வராத ஊழியம் கிடையாது, அதை வைத்து முடிவு எடுக்க வேண்டாம்.

எந்தத் தாலந்துக்கு எந்த வேலை?

எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. கண்ணில் படாமல் போகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்த்தவரா? உங்கள் பேனா ஒரு வரம். முதியோர் ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு என்று விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் எத்தனை பேர் அலைகிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, ஆலய வராந்தாவில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. யார் வந்தாலும், எந்த மதத்தார் வந்தாலும் எழுதிக் கொடுங்கள். ஆதார் நகலை மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதைக் கையில் வைத்திருப்பது வம்பு.

எலக்ட்ரீஷியனா? ஒலிபெருக்கியைத் தூணிலிருந்து திருப்புங்கள். அத்தோடு நிற்காமல், தனியாக இருக்கும் விதவைகளின் வீட்டில் ஸ்விட்ச் போர்டைப் போய்ப் பாருங்கள்.

தையல் தெரியுமா? அப்போஸ்தலர் 9-ல் யோப்பா பட்டணத்துத் தொற்காளைப் பாருங்கள். அவள் பேசியதாக ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை. அவள் செத்துக் கிடக்கும்போது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளை. சாட்சி சொல்லும் நேரத்தில் மைக் பிடிக்கப் பயப்படுகிறவர்கள் இந்த இடத்தை மறுபடி வாசிக்கலாம்.

கொடுப்பதும் ஒரு வரம் என்று ரோமர் 12:8 சொல்கிறது. பணக்காரர்களுக்கு மட்டும் என்று அங்கே போட்டிருக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கிராமச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம். உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, இந்தியரின் காணிக்கையில் இந்திய ஊழியரை அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு? எங்கள் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். முழங்கால் போய்விட்டது, வீட்டை விட்டு ஆறு வருஷம் வெளியே வரவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு, அதில் தேதிவாரியாகப் பிறந்தநாள்கள். காலை ஆறு மணிக்கு போன் வரும். "இன்னைக்கு உனக்குப் பிறந்தநாள்லா? சரி, கண்ணை மூடு." போனிலேயே ஒரு நிமிஷ ஜெபம். பேர் சொல்லி, உங்கள் பிள்ளைகள் பேர் சொல்லி, போன வருஷம் நீங்கள் சொன்ன கஷ்டத்தையும் சொல்லி. அப்புறம் வைத்துவிடுவார், கதை பேசமாட்டார். அவருடைய அடக்க ஆராதனையன்று ஆலயத்துக்குள் இடமில்லை. வராந்தாவில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு அவர் முகமே தெரியாது, குரல்தான் தெரியும்.

பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்குக் கண்டிப்பாக ஒன்று. ஞாயிறு பள்ளியோ வி.பி.எஸ்ஸோ (விடுமுறை வேதாகமப் பள்ளி) டியூஷனோ, எந்தப் பிள்ளையோடும் பூட்டிய அறையில் ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர், கதவு திறந்து. ஏதாவது தப்பு நடந்ததாகத் தெரிந்தால் "சபை மானம்" என்று மூடி மறைக்கவே கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ம் வருஷ போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். காணிக்கைப் பணத்துக்கும் இதேபோல ஒரு விதி: எண்ணும்போது இரண்டு பேர், இரண்டு கையெழுத்து. நீங்கள் யோக்கியர் என்பதில் சந்தேகமில்லை. அந்த யோக்கியதையைக் காப்பாற்றத்தான் இரண்டாவது கையெழுத்து.

ஐந்தாம் படி: கூர்தீட்டுங்கள்

"ஆவியானவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிக்கொண்டு பயிற்சிக்கு வராத கீபோர்டு தம்பிகள் எல்லாச் சபையிலும் உண்டு. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, உனக்கு உண்டான தேவவரத்தை அனல்மூட்டி எழுப்பிவிடு என்கிறார் (2 தீமோத்தேயு 1:6). அடுப்பு ஊதிய அம்மாக்களுக்கு அந்த வார்த்தை நன்றாக விளங்கும். நெருப்பு உள்ளே இருக்கிறது, ஆனால் யாராவது குனிந்து ஊத வேண்டும், கண்ணில் புகை படும்.

அப்பொல்லோவைப் பாருங்கள். வேதாகமங்களில் வல்லவர், பேச்சில் சமர்த்தர். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவர் பேசுவதைக் கேட்டபோது ஒரு குறை தெரிந்தது. ஆலயத்தில் எழுந்து நின்று திருத்தவில்லை. வீட்டுக்குச் சேர்த்துக்கொண்டுபோய் அதிகத் திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள் (அப்போஸ்தலர் 18:26). கூடாரம் தைத்துப் பிழைக்கிற தம்பதி ஒரு பெரிய பேச்சாளருக்குப் பாடம் எடுக்கிறார்கள், அவரும் உட்கார்ந்து கேட்கிறார். நம் ஊர் கன்வென்ஷன் பேச்சாளர் யாராவது கேட்பார்களா என்று யோசிக்கிறேன்.

கற்றுக்கொண்ட எதுவும் வீணாகாது என்பதற்கு எனக்குப் பிடித்த ஆள் டாக்டர் பால் பிராண்ட். மிஷனெரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்து, சிறு வயதில் கொல்லிமலையில் வளர்ந்தவர். மருத்துவத்துக்கு வருவதற்கு முன் இங்கிலாந்தில் கட்டட வேலையும் தச்சு வேலையும் படித்தார். மிஷன் வேலைக்குக் கட்டடம் கட்டத் தெரிந்த ஆளாகப் போக வேண்டும் என்று எண்ணம். அப்புறம் மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். கை சரியானது, ஆனால் அந்தக் கைக்கு வேலை கொடுக்க யாருமில்லை. மடங்கிய கையைக் காட்டினாலாவது பிச்சை கிடைத்துக்கொண்டிருந்தது, இப்போது அதுவும் போயிற்று. பிராண்ட் அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். இளம் வயதில் இழைப்புளி பிடித்த வருஷங்கள் வீணாகிவிட்டன என்று அதற்குமுன் யாராவது சொல்லியிருக்கலாம்.

உங்களுக்குச் செய்யக்கூடியது: வாரம் இரண்டு மணி நேரம் கற்றுக்கொள்ள ஒதுக்குங்கள். வகுப்பு எடுக்கிறவர் பாடத்தை வெள்ளிக்கிழமையே வாசித்துவிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தயாரித்த பாடத்தைப் பிள்ளைகள் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடும். ஒலிப்பதிவு பார்க்கிறவர், பெரிய சபை ஒன்றில் அந்த வேலை தெரிந்தவர் பக்கத்தில் ஒரு ஞாயிறு உட்கார்ந்து பாருங்கள்.

ஆறாம் படி: இல்லை என்று சொல்லப் பழகுங்கள்

நம் ஊரில் வேலை செய்கிறவன் தலையில்தான் வேலை ஏறும். ஒன்றை நன்றாகச் செய்தால் இன்னும் நாலு வரும். பாடகர் குழு, வாலிபர் ஐக்கியம், கன்வென்ஷன் கமிட்டி, அறுப்பின் பண்டிகை ஏலம், லைவ் ஒளிபரப்பு எல்லாம் ஒரே பையன். ஒரு நாள் அவன் வேலை மாறி வெளியூர் போனால் ஆலயமே படுத்துவிடும்.

மோசேக்கு நடந்ததும் இதுதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜனங்களின் வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்து அவருடைய மாமனார் எத்திரோ, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல என்றார் (யாத்திராகமம் 18). ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று அதிபதிகளை வைக்கச் சொன்னார். மருமகனுக்கு இவ்வளவு வெளிப்படையாகப் புத்தி சொல்லும் மாமனார் எல்லோருக்கும் வாய்க்காது.

ஒருவருக்கு ஒரு முக்கிய வேலை, ஒரு சின்ன உதவி. அதற்குமேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்" என்று இழுத்தடிக்காதீர்கள். முடியாது என்று தெரிந்தால் அப்போதே சொல்லி, முடிந்தால் இன்னொருவர் பெயரையும் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கும்போது கூட்டு ஜெபம் நடத்தப் போகிறவரை வீட்டில் யாரும் பக்திமான் என்று நினைக்கமாட்டார்கள். நான் அப்படிப் போயிருக்கிறேன். திரும்பி வந்தபோது வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை, நியாயமாகத்தான்.

ஏழாம் படி: பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைப் பார்க்காதீர்கள்

பொறாமை இல்லாத பாடகர் குழுவை நான் இன்னும் பார்க்கவில்லை. சோலோ யாருக்கு என்பதில் மூன்று குடும்பம் பேச்சை நிறுத்திய சம்பவம் எனக்குத் தெரியும். கொரிந்து சபையிலும் இதுதான் நடந்தது. கண் கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று பவுல் எழுத வேண்டி வந்ததே அதனால்தான். கல்யாணத்தில் வாசிக்கிறோமே, அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது என்று, அந்த 13-ம் அதிகாரம் வரங்களைப் பற்றிப் பேசும் 12-க்கும் 14-க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளை பெண்ணுக்காக எழுதியதில்லை, சோலோவுக்குச் சண்டை போட்டவர்களுக்காக எழுதியது.

எனக்கு உதவிய ஒரே மருந்து இதுதான்: யாரைப் பார்த்து வயிறு எரிகிறதோ, அவருடைய வேலையில் ஒரு சின்னப் பகுதியை நான் தூக்குவது. அந்தச் சோலோ பாடகருக்குப் பாட்டுத் தாளை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். முதல் இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு, அப்புறம் பழகிவிட்டது.

சபைக்குள் இடமே கிடைக்கவில்லையா? அப்படியும் சபைகள் உண்டு, எல்லாப் பொறுப்பும் நாலு வீட்டுக்குள் சுற்றும். சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் இல்லாமல் படுத்திருப்பவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்க யாரும் கமிட்டித் தீர்மானம் கேட்கமாட்டார்கள்.

கடைசிப் படி: சாவியைக் கொடுங்கள்

எண்ணாகமம் 8-ம் அதிகாரத்தின் கடைசியில், ஆசரிப்புக் கூடாரத்தில் பணிவிடை செய்த லேவியருக்கு ஒரு விதி இருக்கிறது. 25 வயதில் வேலைக்கு வர வேண்டும். 50 வயதானால் பணிவிடையிலிருந்து ஓய வேண்டும். வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. சகோதரரோடேகூட இருந்து காவல் காக்கலாம், உதவலாம், ஆனால் அந்த வேலையைத் தான் செய்யக் கூடாது. நம் சபைகளில் இந்த மூன்று வசனங்களைப் பிரேம் போட்டு, ஐயர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில் மாட்டலாம்.

கைமாற்றுவதற்கு நான் செய்த விதம் இது. முதல் வருஷம், ஒரு சின்னவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் செய்தேன். இரண்டாம் வருஷம் இருவரும் பாதிப் பாதி. மூன்றாம் வருஷம் அவர் செய்ய, நான் பக்கத்தில். நான்காம் வருஷம் நான் அறைக்குள் போகக் கூடாது. எழுதி வைக்க வேண்டியவற்றையும் எழுதிக் கொடுத்தேன்: எந்தக் கடையில் அரிசி, எத்தனை பேருக்கு எவ்வளவு, போன வருஷம் என்ன மிஞ்சியது, யாரிடம் அண்டா இரவல் வாங்கினோம். முதல் பக்கத்தில், என் கையெழுத்தில், அந்த மூன்று கிலோ புளியின் கதை.

போன அசனத்தில் சாவி பி.காம். படிக்கும் ஒரு பெண்ணிடம் இருந்தது. நோட்டு இல்லை, போனிலேயே கணக்கு. நான் வெளியே வேப்பமரத்தடியில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பந்தியில் ஒரு பையன் ஓடிவந்து இன்னும் புளி வேண்டும் என்றான். இரண்டு கிலோவை எடுத்து அப்படியே நீட்டினாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்துபோய், "இல்லம்மா, கணக்குப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"மாமா, நீங்க போய் உள்ளியை உரிங்க" என்றாள்.